பதினான்கு இடங்களும் ஒரே சாலையும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் வெள்ளிக்கிழமை கிளம்பி கேமரன் மலைக்குப் போய் ஞாயிறு திரும்ப நினைத்திருக்கிறோம். இதுவரை அங்கே போனதில்லை. நான், கணவர், 15 வயது மகன், எட்டு வயது மகள், 71 வயது மாமியார் ஆகியோர் சொந்தக் காரில் போகிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி. வளைவுச் சாலையில் வாந்தியும் வரும். அவருடைய அப்பா இளவயதில் அந்த மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. தோழிகள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டிய 14 இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். கணவரோ, "குளிர்தானே வேண்டும்? கெந்திங்குக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம்" என்கிறார். எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?
— செந்தூல் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் கணவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குளிர் மட்டும்தான் நோக்கம் என்றால் அவர் சொல்வது சரி. கெந்திங் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். உயரமும் சுமார் 1,800 மீட்டர். கேமரன் மலையின் ஊர்களே அவ்வளவு உயரத்தில் இல்லை. ஆனால் கெந்திங் என்பது ஹோட்டல்களும் கேளிக்கைப் பூங்காவும் சூதாட்ட விடுதியுமாகக் கட்டி எழுப்பிய இடம். உங்கள் மாமியார் கேட்டது தேயிலைத் தோட்டத்தை. கணவரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட அவருடைய அம்மாவே சொன்னால் விரைவில் எடுபடும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, லாவெண்டர் தோட்டம், தேனீப் பண்ணை, மூன்று ஸ்ட்ராபெரி பண்ணைகள் என்று எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் சாலையை மட்டும் காணவில்லை. கேமரன் மலையின் ஊர்கள் எல்லாம் ஒரே சாலையில் சரம்போலக் கோத்தவை. தெற்கே ரிங்லெட், அடுத்து தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா, வடகோடியில் கம்போங் ராஜா. மாற்றுச் சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறையின் சனிக்கிழமையில் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்ம் சந்தைக்கும் இடையிலான சில கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் வியப்பில்லை. அந்த நெரிசலில் 14 இடங்களைப் பார்க்கப் புறப்படும் குடும்பம், பெரும்பாலும் முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தைத்தான் பார்த்துவிட்டு வரும்.

ஆகவே இடங்களைக் குறைப்பதற்கு முன் கிழமையை மாற்றுங்கள். கணவருக்கு மூன்று நாள் லீவு கிடைக்குமானால், திங்கள் ஏறிப் புதன் இறங்குங்கள். அறை வாடகையும் வார இறுதியைவிடக் குறைவாக இருக்கும். இரவுச் சந்தை வார இறுதியில்தான் களைகட்டும் என்பதால் அது கை நழுவக்கூடும். நழுவட்டும். நம் ஊர் பாசார் மாலாமையே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றுவதற்கு மலை ஏற வேண்டியதில்லை.

அடுத்தது வழி. மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும், நம் பக்கத்திலிருந்து ஏறும் இரண்டு சாலைகளும் பேராக்கில்தான் தொடங்குகின்றன. ஒன்று தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குப் போகும் பழைய சாலை. சுமார் 60 கிலோமீட்டர். குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி இந்த வழியில்தான் இருக்கிறது. மற்றொன்று ஈப்போவுக்குச் சற்றுத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் புதிய சாலை. அகலமானது, வளைவுகளும் நிதானமாகத் திரும்பும். கோலாலம்பூரிலிருந்து கணக்குப் பார்த்தால் தாப்பா வழியே தூரம் குறைவு. உங்கள் தோழிகளும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சிம்பாங் பூலாயைத்தான் சொல்வேன். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும். மாமியாரின் வயிறு தப்பிக்கும். மழை பிடித்துக்கொண்டால் இரண்டு சாலைகளிலுமே மண்சரிவு ஏற்படுவதுண்டு. ஆண்டின் கடைசி மாதங்களில் போவதாக இருந்தால், கிளம்பும் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

மாமியாரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பசியோடும் ஏறக் கூடாது, வயிறு முட்டவும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். வாந்தித் தடுப்பு மாத்திரையை மலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஆனால் அது வயதானவர்களுக்குத் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியது. அவர் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் காட்டி மருந்தகத்திலோ கிளினிக்கிலோ கேட்டுவிட்டு வாங்குங்கள். மகளின் கையில் கைப்பேசி கொடுத்துப் பின் இருக்கையில் உட்கார வைத்தால் அவளுக்கும் ஒரு பை தேவைப்படும்.

தங்குவதற்குத் தானா ராத்தா. சுமார் 1,440 மீட்டர் உயரம். இந்திய உணவகங்கள், மருந்துக் கடை, அரசு மருத்துவமனை எல்லாம் அங்கே இருக்கின்றன. கடைவீதி ஓரளவு சமதளமாக இருப்பதால் மாமியார் மாலையில் மெதுவாக நடக்கலாம். பிரிஞ்சாங் இன்னும் உயரம், குளிரும் ஒரு பிடி அதிகம். ஆனால் நெரிசலின் வாயிலில் போய் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். அறை எடுக்கும்போது காட்சி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, சுடுநீர் ஒழுங்காக வருமா என்று கேளுங்கள். மின்தூக்கி இல்லாத அடுக்ககங்கள் மலையில் நிறைய உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு மூன்றாவது மாடி தண்டனை. குளிரூட்டி இல்லை என்று யாரும் பதற வேண்டாம். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் ஊரில் அது எதற்கு?

இப்போது தேயிலை. இந்தப் பயணத்தின் காரணமே இதுதான் என்பதால் நேரத்தை இங்கே தாராளமாகக் கொடுங்கள். கேமரன் மலையில் பெரும் பெயர்கள் இரண்டு. ஒன்று, 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனம். மற்றொன்று, 1930-களில் தொடங்கிய பாரத் நிறுவனம். கேமரன் வேலி என்ற பெயரில் தேயிலை விற்பது இவர்கள்தான். போ நிறுவனத்துக்கு மலையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டங்கள் உண்டு. பிரிஞ்சாங்குக்கு அப்பால் சுங்கை பாலாஸ், ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே ஹாபு பக்கம் போ தோட்டம், பிறகு ஃபேர்லி. ஆகவே "அப்பா போ தோட்டத்தில் இருந்தார்" என்றால் அது பாதி விலாசம்தான். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எங்கே இருந்தது, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) எங்கே நின்றார்கள், பக்கத்தில் கோயில் உண்டா என்று மாமியாரிடம் இப்போதே விசாரித்து வையுங்கள். குடும்பத்தில் பழைய பிறப்புப் பத்திரமோ பள்ளிச் சான்றிதழோ இருந்தால் அதில் தோட்டத்தின் பெயர் இருக்கக்கூடும்.

சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது தொழிற்சாலைப் பகுதியும் தேநீர்க் கடையும்தான். குடியிருப்புகள் வேலை செய்பவர்களின் வீடுகள். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்து படம் எடுக்கக் கூடாது. தோட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே அழைத்து, "எங்கள் தாத்தா இங்கே வேலை செய்தவர், மாமியார் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார்" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்பதில் தவறில்லை. மாமியாரையும் கொஞ்சம் தயார்ப்படுத்துங்கள். முதுகில் கூடை கட்டிய தமிழ்ப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். கையால் கிள்ளுவது குறைந்து, கத்தரியும் இயந்திரமும்தான் கொழுந்து வெட்டுகின்றன.

செவ்வாய்க் காலை, சுங்கை பாலாஸ் திறக்கும் நேரத்துக்கே அங்கே இருங்கள். தோட்டத்துக்குள் போகும் சாலை ஒரு வண்டிக்குரிய அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், காலையில் இந்தத் தொல்லை குறைவு. அங்குள்ள பார்வையாளர் மையம் வழக்கமாகத் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். நான் சொன்ன கிழமைகளில் போனால் அது பயண நாளாகவே கழிந்துவிடும். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து சற்று நடக்க வேண்டியிருக்கும். மாமியாரை வாசலில் இறக்கிவிட முடியுமா என்று காவலரிடம் கேளுங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கேமரன் வேலி தேநீர்க் கடை கைகொடுக்கும். அது தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் சாலையோரத்திலேயே இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுதும் பச்சை தெரியும்.

சுங்கை பாலாஸிலிருந்து திரும்பும் வழியில், நடை சாத்துவதற்குள் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி சுவாமி கோயிலுக்குப் போய்விடுங்கள். செவ்வாய், முருகனுக்குரிய நாளும்கூட. மாமியார் செவ்வாயில் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்றால், கொதிக்கும் சூப்பில் இறைச்சியையும் கீரையையும் மேசையிலேயே வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டைத் திங்கள் இரவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அதற்கு இணையான இரவுச் சாப்பாடு இல்லை. மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் அந்த நேரத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். தூங்கட்டும்.

உங்கள் மகன் மட்டும் சலித்துப்போவான். கணவரோடு அவனை பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டுக்கு அனுப்புங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரம்; மரமெல்லாம் பாசி போர்த்தி, மேகத்துக்குள்ளேயே நிற்கும். சாலை செங்குத்தானது, உங்கள் காரை வதைக்க வேண்டாம். தானா ராத்தாவில் நான்கு சக்கர இயக்க வண்டியில் அரை நாள் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதியை அவ்வப்போது மூடிவிடுவதால் முந்தின நாளே விசாரியுங்கள். எண் போட்ட காட்டுப் பாதைகளில் அவனைத் தனியாக மட்டும் விடாதீர்கள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் உலகப் புகழ் பெற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர். பெரும் தேடல் நடந்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொன்னால் 15 வயதுப் பையன் பயப்படுவானா, இன்னும் ஆர்வமாகிவிடுவானா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மகளுக்கு ஒரு ஸ்ட்ராபெரி பண்ணை போதும். பழம் சிறியது, புளிக்கும், விலை அதிகம். பறிக்கும் மகிழ்ச்சிக்குத்தான் அந்தக் காசு.

உடைகளில் தடித்த கோட்டைவிட மழைச்சட்டைக்கு முதலிடம் கொடுங்கள். துணி அங்கே எளிதில் காயாது, காலுறைகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்கறி, பூ வாங்குவதைப் புதன் காலைக்குத் தள்ளிப்போடுங்கள். கியா ஃபார்மில் நிறுத்த இடம் தேடி அலையாமல், இறங்கும் வழியில் திரிங்காப், கோலா தெர்லா பக்கத்துச் சாலையோரக் கடைகளில் வாங்கலாம். சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நம்பி வாங்கலாம். முட்டைக்கோஸைக் கார் நிறைய ஏற்றாதீர்கள், அதே கோஸ் நம் ஊர்ச் செலாயாங் மொத்தச் சந்தைக்கு உங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். இறக்கத்தில் கணவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் ஓட்டட்டும். மூடுபனி இறங்கினால் விளக்கைப் போட்டு, பிற்பகல் மழைக்கு முன் சிம்பாங் பூலாயை அடைந்துவிட்டால், மதியச் சாப்பாட்டை ஈப்போவில் வைத்துக்கொள்ளலாம்.