பிளாஸ்டிக் மாடலுக்கு எந்தப் பெயிண்ட் வாங்குவது? ஏர்பிரஷ் இல்லாமல் அடிக்க முடியுமா?

1/72 அளவில் (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானக் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அக்ரிலிக், எனாமல், லாக்கர் என்று மூன்று வகை இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போய், எந்த பிராண்ட் நல்லது, ஏர்பிரஷ் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி) கட்டாயமில்லை. இந்த அளவு விமானத்தைப் பிரஷ்ஷாலேயே அழகாக முடிக்கலாம். பிராண்டைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். பெயிண்ட் எந்தத் திரவத்தில் கரைந்திருக்கிறது, நீங்கள் எதை வைத்து அடிக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் பார்த்தால் போதும். தரமான கம்பெனிகள் எல்லாமே நல்ல பெயிண்ட்தான் செய்கின்றன. ஒரு வேலைக்கென்று செய்ததை வேறு வேலைக்கு எடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அக்ரிலிக். அந்த ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பெயிண்ட்கள் விற்கின்றன. வல்லேஹோ மாடல் கலர், சிட்டடெல் போன்றவை தண்ணீரில் கலந்தவை. வாடை கிடையாது, பிரஷ்ஷுக்கென்றே செய்தவை. தமியாவின் சிறு அக்ரிலிக் புட்டிகளும் மிஸ்டர் ஹாபி அக்வியஸும் ஆல்கஹால் வகைக் கரைப்பான் சேர்ந்தவை. தண்ணீரில் கழுவலாம் என்றாலும் குணம் வேறு. தமியா அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடித்துவிட்டு இரண்டாவது கோட் போட்டுப் பாருங்கள், கீழே இருக்கும் முதல் கோட் இளகி உரிந்து வரும். 'எனக்குக் கை வரவில்லை' என்று கிட்டை மூட்டைகட்டி வைத்தவர்களில் பாதிப்பேர் இந்தப் புட்டியால்தான் வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். அதே தமியா ஏர்பிரஷ்ஷில் தங்கமாக வேலை செய்யும். ஆகவே இப்போது உங்களுக்கு வல்லேஹோ மாதிரியான நீர் அக்ரிலிக்தான் சரி.

எனாமலையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஹம்ப்ரால் டப்பாக்களில் வருவது இதுதான். மெதுவாகக் காய்வதால் பிரஷ் தடங்கள் தாமாகவே சமன்பட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாளாவது விட வேண்டும், வாடையும் உண்டு. லாக்கர் இதற்கு நேர் எதிர். மிஸ்டர் கலர், தமியாவின் எல்பி வரிசை, டிஎஸ் ஸ்ப்ரே கேன் எல்லாம் இந்த வகை. பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்துக்கொண்டு பிடிக்கும், சில நிமிடங்களில் காயும், உப்புத்தாள் போட்டாலும் தாங்கும். ஆனால் அதன் ஆவி கெடுதல். சாதாரணத் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி உள்ள மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாமல் லாக்கர் அடிக்காதீர்கள். கேன் வாங்கும்போது இன்னொன்று: தமியா பிஎஸ் என்று தொடங்கும் கேன்கள் ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானவை. உங்கள் கிட் பாலிஸ்டைரீன். அதற்கு டிஎஸ் அல்லது ஏஎஸ் எடுங்கள்.

வகைகளைக் கலக்கும்போது, வீரியமான கரைப்பான் கீழே, மென்மையானது மேலே என்று போங்கள். காய்ந்த லாக்கர் மேல் அக்ரிலிக்கோ எனாமலோ தாராளமாக அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி வெடிக்க வாய்ப்பு அதிகம். தின்னர், அதாவது பெயிண்டை நீர்க்கவைக்கும் திரவம், விஷயத்தில் அதே பிராண்டின் தின்னரையே வாங்குங்கள். தமியா அக்ரிலிக் லாக்கர் தின்னரோடு நன்றாகக் கலக்கும் என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். அதை நம்பி வல்லேஹோவில் ஊற்றினால் பெயிண்ட் திரிந்து கட்டியாகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப்பசை பாகங்களில் ஒட்டியிருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். ஒட்டி முடித்ததும் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. நீர் அக்ரிலிக் வெறும் பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். அதனால் இதைத் தவிர்க்க வேண்டாம். சாம்பல் நிறப் பிரைமருக்கு இன்னொரு உபயோகம், இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் விட்டுப்போன இடுக்கு, பசைத் தடம் எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுத்துவிடும். பிரைமரை மட்டும் கேனில் வாங்குவது நல்லது. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து (கொதிநீர் கூடவே கூடாது, வெடிக்கும்), நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், மாடலுக்கு வெளியே தொடங்கி மாடலைத் தாண்டிப் போய் நிறுத்துங்கள். மழை ஈரம் நிறைந்த நாளில் லாக்கர் கேன் எடுத்தால் வெள்ளை பூத்த மாதிரி ஆகிவிடும், ஒருநாள் பொறுங்கள்.

பிரஷ் வேலையில் முக்கால்வாசி நீர்ப்பதம்தான். புட்டியிலிருந்து நேராக எடுக்காமல் ஒரு தட்டில் விட்டு, பால் பதத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்வரை கரையுங்கள். இறக்கைக்கு அகலமான, மென்மையான தட்டைப் பிரஷ். முதல் கோட் திட்டுத்திட்டாக, 'இது தேறாது' என்று தோன்றும்படிதான் இருக்கும். அங்கேதான் எல்லோரும் பொறுமை இழந்து மறுபடி மறுபடி இழுத்து, அரைகுறையாகக் காய்ந்த பெயிண்டைக் கிளறிவிடுகிறார்கள். ஒரு இழுப்பு இழுத்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். முழுதாகக் காய்ந்த பிறகு, முந்தைய கோட்டுக்குக் குறுக்காக அடுத்தது. மூன்று நான்கு கோட்டில் தானாக மூடும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் பலவீனமான நிறங்கள். உங்கள் விமானத்தின் புரொப்பல்லர் நுனிகள் மஞ்சள். அடியில் வெள்ளை அடித்துவிட்டு மஞ்சளைப் போடுங்கள், கறுப்பு மேல் மஞ்சள் என்றால் விடிய விடிய அடிக்க வேண்டியதுதான்.

1941 ஆகஸ்டுக்குப் பிந்தைய, பிரிட்டனிலிருந்து பறந்த ஸ்பிட்ஃபயர் என்றால் பெரும்பாலும் மேலே டார்க் கிரீனும் ஓஷன் கிரேயும், கீழே மீடியம் சீ கிரே. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். வயிற்றுப்பக்கம் முதலில், பிறகு மேலே முழுக்க ஓஷன் கிரே, அதன் மேல் பென்சிலால் லேசாக எல்லை வரைந்து பச்சையை நிரப்பலாம். நேர்க்கோடு வேண்டிய இடத்தில் மாடலுக்கான மாஸ்கிங் டேப் ஒட்டி ஓரத்தை அழுத்திவிட்டு அடியுங்கள். உரிக்கும்போது செங்குத்தாகத் தூக்காமல் டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும்.

நிறம் அச்சு அசலாக இருக்கிறதா என்ற விவாதத்தில் இப்போதே இறங்கிவிடாதீர்கள். தமியாவே ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) நிறங்களுக்கென்று எக்ஸ்எஃப்-81, 82, 83 என்று தனியாக விற்கிறது, மற்ற கம்பெனிகளும் தங்கள் எண்களோடு விற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. தவிர, தூரத்திலிருந்து பார்க்கும் எந்தப் பொருளும் சற்று வெளிறித் தெரியும் என்பதால், சிறிய அளவு மாடலுக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொள்பவர்கள் நிறைய. வெயிலில் வெளுத்த நிஜ விமானங்களே ஒன்றுபோல் இருந்ததில்லை.

நிறம் முடிந்ததும் டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எண்கள்) ஒட்டக் கை துடிக்கும். பொறுங்கள். மேட் பரப்பு, அதாவது பளபளப்பில்லாதது, சொரசொரப்பானது, டீக்கலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளியாக மினுங்கும். முதலில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், அது காய்ந்தபின் டீக்கல், விருப்பமிருந்தால் பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளங்களில்) எனாமல் வாஷ் எனும் நீர்த்த அடர்நிறப் பெயிண்ட், கடைசியாக மேட் வார்னிஷ். வாஷுக்கு எனாமலைச் சொல்வதற்குக் காரணம், அதைத் துடைக்கும் ஒயிட் ஸ்பிரிட் அடியிலுள்ள அக்ரிலிக்கைத் தொடாது. எதையும் மாடலில் அடிக்கும் முன் ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள்.

பிறகு ஏர்பிரஷ் ஆசை வந்தால், 0.3 மி.மீ. நாசில் உள்ள டபுள் ஆக்‌ஷன் (ஒரே விசையால் காற்றையும் பெயிண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்துவது) ஒன்றும், பிரஷர் ரெகுலேட்டரும் ஈரம் பிரிக்கும் வடிகட்டியும் உள்ள கம்ப்ரஸரும் வாங்குங்கள். அப்போது நீங்கள் ஒதுக்கிவைத்த தமியாவுக்கு நேரம் வந்துவிடும். தின்னரோடு சரிக்குச் சரி கலந்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய கோட்டாக அடிக்கலாம். நீர் அக்ரிலிக் ஊசி நுனியில் காய்ந்து அடைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், கற்றுக்கொள்ளும் காலத்தில் அதை ஏர்பிரஷ்ஷில் ஊற்ற வேண்டாம். காக்பிட், விமானி, டயர் என்று பிரஷ்ஷுக்கான சில்லறை வேலைகள் எப்போதும் இருக்கும், அந்தப் புட்டிகள் அங்கே காலியாகும்.