கையெழுத்து வாங்காத தாள்

அன்புள்ள சார்,

தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் எடுக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரைக்கும் பிள்ளைகளிடம் ‘என் ஆரோக்கியம் என் கையில்’ என்று ஒரு தாள் கொடுத்தேன். தினமும் காய்கறி சாப்பிடுகிறாயா, போதுமான அளவு தூங்குகிறாயா, உடற்பயிற்சி செய்கிறாயா என்று இருபத்தைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். பெற்றோர் கையெழுத்தோடு திருப்பித் தர வேண்டும்.

ஏறக்குறைய எல்லோருமே நாற்பத்தைந்துக்கு மேல். ஆனால் முதல் பீரியடில் பாதி வகுப்பு கொட்டாவி விடுகிறது. பிரேயரில் யாராவது ஒரு பெண் மயங்கி விழாத வாரம் குறைவு. தாளைக் கொடுத்த அன்றே ஒரு பையன் எழுந்து, “மிஸ், உண்மையை எழுதவா, அம்மா கையெழுத்துப் போடுற மாதிரி எழுதவா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

என் கேள்விகள் தவறா? எப்படிக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்? தாளை இணைத்திருக்கிறேன்.

பி.கு.: ஆசிரியர்களும் இதை நிரப்ப வேண்டும் என்கிறார் எங்கள் பி.டி. சார். ஸ்டாஃப் ரூமில் அதற்கும் சிரிப்புதான்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனை வெளியே அனுப்பாமல் சிரித்தீர்களே, அதுவே நல்ல தொடக்கம். நீங்கள் கேட்டதற்கு விடை அவன் வாயில்தான் இருக்கிறது.

தாளைப் பார்த்தேன். மேலே பெயர், வகுப்பு, பிரிவு. கீழே மொத்த மார்க், பெற்றோர் கையெழுத்து. ப்ராகிரஸ் கார்டுதான், தலைப்பு மட்டும் வேறு. வீட்டுக் கையெழுத்துக்குப் போகிற தாளில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பதில் நம் பிள்ளைகள் எல்.கே.ஜி. முதல் தேர்ந்தவர்கள். நீங்கள் அளந்தது அந்தத் திறமையை. அதில் ஐம்பதுக்கு நாற்பத்தைந்து வாங்கியிருக்கிறார்கள், சந்தோஷப்படலாம்.

உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பதின்வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2007இல் நம் நாட்டிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடந்தது. அதில் பிள்ளைகள் பெயர் எழுதுவதில்லை. கேள்விகளும் ‘தினமும் செய்கிறாயா’ என்று வராது. ‘கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்’ என்பது போல வரும். உங்கள் தாளில் முதலில் மாற்ற வேண்டியது இந்த இரண்டு. பெயரை எடுங்கள், ‘தினமும்’ என்பதை எடுங்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: தாளைத் திருப்பி வாங்கவே வாங்காதீர்கள். எழுதியவனே மடித்து வைத்துக்கொள்ளட்டும். வகுப்பு மொத்தத்தையும் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால், அந்த இரண்டு மூன்று கேள்விகளுக்கு மட்டும் பெயரில்லாத துண்டுச்சீட்டைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

‘தினமும் காய்கறி சாப்பிடுகிறாயா’ என்றால் சாம்பாரில் மிதந்த முருங்கைக்காயை நினைத்துக்கொண்டு யாரும் ஆமாம் என்று எழுதிவிடலாம். ‘நேற்றுக் காலை பள்ளி மணி அடிக்கும் முன் வயிற்றுக்குள் என்ன போனது’ என்று கேட்டால் அப்படி எழுத முடியாது. டீயும் ரெண்டு பிஸ்கட்டும் என்றால் டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான். ‘உடற்பயிற்சி செய்கிறாயா’ வேண்டாம். ‘போன வாரம் எத்தனை நாள், எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாடினாய்’ என்று கேளுங்கள். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் அப்படி இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தக் கேள்விக்குப் பூஜ்யம் என்று எழுதுகிற பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியாரிடம் காட்டுங்கள். வாங்கிய பீரியடை அவர் என்றைக்காவது திருப்பித் தந்திருக்கிறாரா?

தூக்கத்துக்கு உங்கள் தாளில் ஒரே ஒரு கேள்வி. நானாக இருந்தால் பாதித் தாளை அதற்கே கொடுப்பேன். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் கணக்குப் போடச் சொல்லுங்கள். கிராமத்திலிருந்து வரும் பெண் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கு எழுகிறாள் என்று வையுங்கள். எட்டு மணி நேரம் வேண்டுமென்றால் இரவு ஒன்பதரைக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும். டியூஷன் முடிந்து வீடு சேர்வதே எட்டரை. சாப்பாடு, வீட்டுப்பாடம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் முடியப் பதினொன்று. இதில் போன் எங்கே வந்தது? இன்னும் வரவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, உயிரியல் டீச்சரான உங்களுக்குத் தெரிந்ததுதான். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறு பிள்ளைகளுக்குச் சுரக்கும் நேரத்தைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். ஒன்பதரைக்குப் படு என்றால் அந்தப் பெண்ணால் படுக்க முடியும், தூங்க முடியாது. பெற்றோர் இதைத் திமிர் என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே ஆகி 2022இல் நடைமுறைக்கு வந்தது. நாம் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து படித்தவர்களின் பெருமையைப் பேசுகிறோம். அந்தத் தாத்தாக்கள் இரவு எட்டரைக்கே திண்ணையில் சாய்ந்துவிட்டதை யாரும் சொல்வதில்லை.

தூக்கத்துக்கு நான் வைக்கும் கேள்வி இது: ‘பள்ளி நாளில் எழுவதைவிட ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி நேரம் தாமதமாக எழுகிறாய்?’ அரை மணி, ஒரு மணி என்றால் பரவாயில்லை. மூன்று மணி நேரம் என்றால் அந்தப் பிள்ளை வாரம் முழுவதும் கடனில் ஓடுகிறது.

போனைப் பற்றி. இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை அவர்கள் போனை விடாததற்கு அடிமைத்தனம் என்று பேர் வைத்துவிடுகிறோம். அந்த நாளில் யாரும் மார்க் போடாத நேரம் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். அதே ஒன்றரை மணி நேரத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்லலாம். இரவு சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். அப்பாவின் சார்ஜரும்தான். படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே “போனை வைடா” என்கிற அப்பாவை எந்தப் பதினைந்து வயதும் மதிக்காது.

பிரேயரில் மயங்கும் பெண்ணுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு. பிளஸ் ஒன் வந்ததும் பசிக்காமல் போய்விடுகிறதா என்ன? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31 சதவீதம். இது இந்தியா முழுவதற்குமான கணக்கு. உங்கள் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வரக்கூடும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, பையனுக்கு 13க்குக் கீழே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரு முறை பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை உங்கள் பள்ளியின் ஜன்னலுக்கு வெளியே எத்தனை கிடக்கிறது என்று பாருங்கள். தூக்கி எறிவது குறும்பினால் அல்ல. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு முறை வாந்தி எடுத்தவள் மறு வாரம் கையை நீட்டமாட்டாள். சாப்பிட்ட பிறகு கொடுங்கள். கூடவே டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இருந்தால் கூடுதலாகச் சேரும். பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிற நெல்லிக்காய்க்காரரை விரட்டாதீர்கள். பக்கத்துக் கடையில் தொங்கும் கலர் பானம் வேறு விஷயம். பாட்டிலின் பின்புறம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும், பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எனர்ஜி டிரிங்க் டப்பாவில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்ததைச் சும்மா வைத்திருக்கமாட்டார்கள்.

பெட்டியில் துண்டுச்சீட்டாக வர வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் தாளிலேயே இல்லை. ‘நேற்றுப் பள்ளியில் எத்தனை முறை தண்ணீர் குடித்தாய்? குடிக்கவில்லை என்றால் ஏன்?’ பெண்களின் சீட்டுகளில் ஒரே பதிலாகத்தான் வரும் என்று நினைக்கிறேன்: டாய்லெட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால். காலையிலிருந்து மாலை வரை தண்ணீரையும் சிறுநீரையும் அடக்கி, தலைவலியோடும் நீர்க்கடுப்போடும் வீடு போகிற பிள்ளையிடம் ‘என் ஆரோக்கியம் என் கையில்’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 2019இல் கேரளத்துப் பள்ளிகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கின. நல்ல யோசனை. ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை உள்ள பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் பெண்கள் குடிக்கமாட்டார்கள்.

தாளில் இருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள்: எடையும் பி.எம்.ஐ.யும் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்). பெரியவர்களுக்கான 25, 30 என்கிற அளவுகோல் வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதை மருத்துவர் பார்க்கட்டும். வகுப்பில் எடை மெஷினைக் கொண்டுவந்தால் குண்டான பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒன்று கிடைக்கும். மறுநாளிலிருந்து அவள் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டாள். ஒல்லிப் பையன் ஜிம்மில் யாரோ சொன்ன புரோட்டீன் பவுடருக்கு வீட்டில் அடம்பிடிப்பான்.

இவ்வளவு சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். இருபத்தைந்தையும் ஒரே நாளில் சொன்னால் நான்கூடக் கேட்கமாட்டேன். ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், அதுவும் அவர்கள் இஷ்டத்துக்கு. தேர்ந்தெடுத்ததை ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். ‘நிறையத் தண்ணீர் குடிப்பேன்’ என்பது நாலு நாள் தாங்காது. ‘பல் தேய்த்ததும் ஒரு டம்ளர்’ நிற்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை வைத்து இப்படியொரு ஆய்வு செய்தார்கள். பழக்கம் தன்னால் நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது. சிலருக்கு 18, சிலருக்குக் கணக்குப்படி 254 வரை. 21 நாளில் எதையும் மாற்றலாம் என்கிற மேடைப் பேச்சாளர்களை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்னைத் தானே திட்டிக்கொள்கிற பிள்ளைகள் எத்தனையோ. அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்றை வகுப்பில் இரண்டு முறை சொல்லுங்கள்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு வாரத்தில் தாளைக் கேட்காதீர்கள். ஒரு பருவம் முழுக்க விடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, மடித்து வைத்த பழைய தாளை எடுத்து அவர்களே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

தாளை வாங்காமல் விடுவதில் ஒரு ஆபத்து உண்டு. யாராவது ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருக்கலாம், வீட்டில் அடி வாங்கலாம், சாகலாமா என்று நினைக்கலாம். அது உங்கள் கண்ணுக்கு வராமல் போகும். அதனால் தாளின் அடியில், பெற்றோர் கையெழுத்துக்கு விட்ட இடத்தில், எண்களைப் போடுங்கள்: பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. எந்த நாளில், எந்த நேரத்தில் உங்களைத் தனியாகப் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

பி.டி. சார் சொன்னது சரி. ஆசிரியர்களும் நிரப்பட்டும், அவர்கள் தாளையும் யாரும் வாங்க வேண்டாம். நிரப்பிய பிறகு ஸ்டாஃப் மீட்டிங்கில் ஹெச்.எம்.மிடம் வைக்க மூன்று கோரிக்கைகள் உங்கள் கையில் இருக்கும்: பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், ஸ்பெஷல் கிளாஸை ஏழரையிலிருந்து எட்டரைக்குத் தள்ளுவது, கடன் போன பி.டி. பீரியட். தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பியுங்கள். அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.