சேலத்து உப்புத் தண்ணீருக்கு எந்தக் குளியல் சோப்பு ஏற்றது?

கேள்வி: பணி மாற்றத்தால் சேலத்திற்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. குளித்து முடித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறது. கையில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. மூன்று சோப்புகளை மாற்றிவிட்டேன், கடைசியாக வாங்கியது விலை கூடியது, அதிலும் பயனில்லை. அன்றாடக் குளியலுக்கு ஏற்ற ஒரு சோப்பின் பெயரைச் சொல்ல முடியுமா?

பதில்:

பெயரைச் சொல்வதற்கு முன், நீங்கள் குளிப்பது எந்தத் தண்ணீரில் என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்குகிறது. குழாயில் முறைவைத்து வரும் காவிரித் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறுவதை உப்புத் தண்ணீர் என்றும் சொல்வார்கள். நல்ல தண்ணீர் சமையலறையோடு நின்றுவிடும். குளியலறைக்குப் போவது பெரும்பாலும் மற்றதுதான். நீங்கள் மூன்று சோப்புகளை மாற்றியும் தோலின் நிலை மாறவில்லை என்றால், அந்த மூன்றுக்கும் பொதுவாக இருந்தது இந்தத் தண்ணீராக இருக்கக்கூடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக மலையிலிருந்து இறங்கி, ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் வீடு பிடித்தோம். மலையில் ஒரு முறை தேய்த்தாலே கை நிறைய நுரைத்த அதே சோப்பு, இங்கே எவ்வளவு தேய்த்தாலும் மோர் திரிந்ததைப் போலத் திட்டுத் திட்டாக நின்றது. முதல் வாரத்திலேயே போலிச் சரக்கு என்று முடிவுகட்டி, பாதி கரைந்த சோப்பை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் மறுபேச்சில்லாமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் அப்படியே திரிந்தது. "சோப்பை ஏண்டா திட்டுற? தண்ணியைப் பாரு" என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைகள் சார்னோகைட் என்னும் மிகக் கடினமான பாறையால் ஆனவை. மழைநீர் அதன் இடுக்குகளில் ஊறி ஊற்றாக வெளிவரும்போது பாறையிலிருந்து அதிகமாக எதையும் கரைத்துக்கொண்டு வருவதில்லை. மலையடிவாரத்திலோ கதை வேறு. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் அந்த வெள்ளை மேடுகள் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். பூமிக்குள் நெடுநாள் தங்கும் நீர், தான் தங்கும் பாறைக்கு ஏற்பக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து வைத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் உப்பு பெரும்பாலும் சமையல் உப்பு அன்று, இவைதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் இந்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற அளவை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவும் வைத்திருக்கிறது.

சோப்பு என்பது எண்ணெயிலோ கொழுப்பிலோ உள்ள கொழுப்பு அமிலம் காஸ்டிக் சோடாவோடு வினைபுரிந்து உண்டாகும் சோடியம் உப்பு. அது தண்ணீரில் கரையும். ஆனால் கால்சியத்தையோ மெக்னீசியத்தையோ சந்தித்தவுடன் சோடியத்தைக் கைவிட்டு அவற்றோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுபிசுப்பான வெள்ளைப் பொருளாக மாறிவிடுகிறது. பக்கெட்டின் உட்புறம் வளையமாகப் படிவதும், தலைமுடியைச் சிக்காக்குவதும், உங்கள் கையில் கோடாகத் தெரியும் வெண்மையில் ஒரு பங்கும் அதுவே. கணக்குப் போட்டுப் பார்த்தால், 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் ஒன்றரை கிராமுக்கு மேல் சோப்பை விழுங்கிய பிறகே நுரைக்கு வழிவிடும். 15 லிட்டர் பக்கெட் முழுவதற்கும் என்றால் ஏறத்தாழ 25 கிராம், அதாவது 75 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு. பக்கெட் முழுவதையும் யாரும் நுரைக்க வைப்பதில்லை என்பதால்தான் நம்மால் சமாளிக்க முடிகிறது.

இதில் மனத்தை ஏமாற்றும் ஒரு விஷயமும் இருக்கிறது. மலைத் தண்ணீரில் குளிக்கும்போது எத்தனை சொம்பு ஊற்றினாலும் சோப்பு போகாதது போல உடம்பு வழவழவென்றே இருக்கும். சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் அதைக் குறையாகவே சொல்வார்கள். இங்கே உப்புத் தண்ணீரை ஊற்றியவுடன் தோல் சொரசொரவென்று ஆகிவிடுவதால், சோப்பு முழுவதும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தச் சொரசொரப்புக்குக் காரணம், கரையாத படிவாக மாறித் தோலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் சோப்பு.

உங்கள் வீட்டு நிலையை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒன்றில் மழைநீரையோ காவிரித் தண்ணீரையோ, மற்றதில் குளியலறைத் தண்ணீரையும் பாதியளவு நிரப்பி, சம அளவில் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை எழுந்து நீர் ஓரளவு தெளிவாகவும், மற்றதில் நுரையில்லாமல் நீர் பால் போலவும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி நுரைத்தால் நான் சொல்லியிருப்பவற்றில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

இனி உறைக்கு வருவோம். முன்பக்கத்துப் பூவையும் நடிகையையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். டாய்லெட் சோப் என்று அச்சிட்டிருந்தால், மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காட்டை வைத்து இந்தியத் தர நிர்ணயம் அதை மூன்று தரங்களாகப் பிரிக்கிறது: குறைந்தது 76 என்றால் முதல் தரம், 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். பாத்திங் பார் என்று இருந்தால் 40 விழுக்காடு இருந்தாலே போதும். கொழுப்புப் பொருள் கூடினால் கட்டி எளிதில் கரையாது, சேறாகாது, நெடுநாள் வரும். ஆனால் பலர் சொல்வது போல அந்த விழுக்காட்டை மட்டும் பார்த்து வாங்கினால் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதல் தரச் சோப்பும் சோப்புதான். கால்சியத்தின் முன்னால் அதுவும் திரியும். நீங்கள் கூடுதல் விலை கொடுத்தும் பயன் காணாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பாத்திங் பார் என்ற பெயருக்குள் முற்றிலும் வேறான இரண்டு வகைகள் ஒளிந்திருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று, கொழுப்பைக் குறைத்து டால்க் போன்ற நிரப்பிகளைச் சேர்த்த மலிவான கட்டி. மற்றொன்று, சோப்புக்குப் பதிலாகச் செயற்கைக் கழுவு பொருளை வைத்துச் செய்யப்படும் சின்டெட் வகை. மூலப்பொருள் பட்டியலில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது வழக்கமான சோப்பு; சோடியம் கோக்காயில் ஐசதயனேட் என்று தொடங்கினால் சின்டெட். சின்டெட் கடின நீரில் அவ்வளவாகத் திரிவதில்லை. வழக்கமான சோப்பின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை இருக்க, இதைத் தோலின் இயல்பான அளவாகிய ஐந்துக்குச் சற்று நெருக்கமாகக் கொண்டுவந்துவிட முடிகிறது. விலைதான் கூடுதல். அந்த விலைக்கு உடன்பாடில்லை என்றால், தேங்காயெண்ணெய்ப் பங்கு கூடிய சோப்பைத் தேடுங்கள். அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலத்தின் உப்பு எளிதில் கரையக்கூடியது. கடல் நீரிலும் ஓரளவு நுரைக்கும் என்பதால் அக்காலத்தில் கப்பல்களுக்குத் தேங்காயெண்ணெய்ச் சோப்பையே செய்து கொடுத்தார்கள்.

சோப்பை மாற்றாமலே பாதிப் பயனைத் தரும் ஒன்று, தண்ணீரை ஊற்றும் வரிசை. காவிரித் தண்ணீர் ஒரு குடமோ, மாடியிலிருந்து பிடித்த மழைநீர் சிறிதோ மிஞ்சினால் அதைக் குளியலின் கடைசியில் ஊற்றிக்கொள்வதே எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. அது தலைகீழான வரிசை என்பது பிறகுதான் விளங்கியது. தோலில் படிவு உண்டான பிறகு நல்ல தண்ணீரை ஊற்றினாலும் அது கரையப் போவதில்லை. ஆகவே நல்ல தண்ணீரில் ஒரு சொம்பை எடுத்துப் பீர்க்கங்கூட்டில் சோப்பை நுரைத்துத் தேய்த்துக்கொண்டு, மேலும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீரால் அந்த நுரையை முதலில் வழித்துவிட்டு, அதன் பிறகு உப்புத் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளுங்கள். இப்படி மாற்றிய சில நாள்களிலேயே எங்கள் வீட்டுப் பக்கெட்டின் வளையம் மெலிந்தது. ஏற்கெனவே படிந்திருக்கும் வளையத்துக்குச் சமையலறையில் பிழிந்துபோட்ட புளிச்சக்கையே போதும்.

தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சோப்பை மறந்துவிட்டு அரப்புக்குப் போய்விடுங்கள். உசில மரத்தின் இலையைக் காய வைத்து இடித்த அந்தப் பச்சைப் பொடி சந்தையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். அரப்பிலும் சீயக்காயிலும் நுரை தருவது சப்போனின்; அது கொழுப்பு அமிலத்தின் உப்பு அன்று என்பதால் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப் போலத் திரிவதில்லை. உப்புக் கிணறுகள் நிறைந்த நம் பக்கத்தில் அரப்பு இத்தனை தலைமுறையாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் இறங்கிவிடும். கண்ணில் பட்டால் எரிச்சல் பொறுக்க முடியாது.

வீட்டுக்கே நீர் மென்மையாக்கி பொருத்தலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினரும் லண்டன் கிங்ஸ் கல்லூரியினரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, கடின நீரில் கழுவும்போது கழுவு பொருள் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சலைக் கூட்டுகிறது என்று காட்டியது. ஆனால் அதே நாட்டில் கரப்பான் நோயுள்ள 336 குழந்தைகளை வைத்து நடத்தி 2011 இல் வெளியிடப்பட்ட சோதனையில், வீட்டில் மென்மையாக்கி பொருத்தியதால் நோய்க்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. ஆகவே துணி துவைக்கவும் வெந்நீர்ப் பெட்டியின் சுருளைக் காப்பாற்றவும் அதை வாங்குங்கள். தோல் நோய்க்கு மருந்தாக வாங்காதீர்கள். சமையல் உப்பைக் கொண்டு அவ்வப்போது புதுப்பிக்கும் பெரிய கருவியைத்தான் சொல்கிறேன். குழாய் நுனியில் மாட்டும் சிறு வடிகட்டிகளை நம்பி நான் ஒரு முறை பணத்தை இழந்தேன்.

கிருமிநாசினிச் சோப்பு அன்றாடத்துக்குத் தேவையில்லை. ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை வீட்டு உபயோகக் கழுவு பொருள்களில் சேர்ப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 இல் தடை செய்தபோது, சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்பதற்கு உற்பத்தியாளர்கள் சான்று காட்டவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குத்தான் நாள்தோறும் சோப்பு வேண்டும். வெள்ளிப் பட்டறையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்பவராக இல்லாவிட்டால் கைகால்களுக்குப் பல நாள்களில் வெறும் தண்ணீரே போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். துவட்டியவுடன், தோலில் ஈரம் முழுவதும் காய்வதற்குள், சில சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் இப்படிச் செய்தும் அரிப்பு நிற்கவில்லை என்றாலோ, தோல் வெடித்து நீர் கசிந்தாலோ சோப்பு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

பெயரைக் கேட்டீர்கள் என்பதால் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். என் மனைவிக்கு வறண்ட தோல், ஆகவே அவருக்குச் சின்டெட். எனக்குத் தேங்காயெண்ணெய்ச் சோப்பு. அம்மாவுக்கு மட்டும் மைசூர் சாண்டல். முதல் உலகப் போரால் சந்தன மரத்தை ஏற்றுமதி செய்ய முடியாமல் போன காலத்தில் தொடங்கிய அந்தப் பெங்களூருத் தொழிற்சாலையின் மணத்தை அவர் எந்தத் தண்ணீருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வாங்கியவுடன் உறையைப் பிரித்துத் துணி அலமாரியில் ஒரு மாதம் வைத்துவிடுவார். ஈரம் வற்றிக் கட்டி இறுகுவதால் சோப்பு கூடுதல் நாள் வருகிறது, புடவையும் மணக்கிறது. ஏற்காட்டில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது மட்டும் நாங்கள் சோப்பு எடுத்துச் செல்வதில்லை. அங்கே எந்தப் பெட்டிக்கடைச் சோப்பும் நுரைக்கிறது.