வலியை உற்றுப் பார்த்தால் கூடிவிடாதா?

கேள்வி: எனக்கு 51 வயது. நாலு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் கீழ்முதுகின் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் தேவையில்லை, நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. குனியவே பயம். வாசலில் கோலம் போடுவதைக்கூட விட்டுவிட்டேன். வலியை மறக்கத்தான் டிவி முன்னால் உட்காருகிறேன். என் மகளோ, "வலியை ஆர்வத்தோட கவனிச்சுப் பாரும்மா, குறையும்" என்கிறாள். கவனித்தால் வலி கூடத்தானே செய்யும்? எல்லாம் மனப்பிரமை என்று சொல்ல வருகிறாளோ என்று வருத்தமாகவும் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வலி நிஜம். மகளும் அதை மறுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வலியை மறக்கப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குனிவதற்கு முன், எழுவதற்கு முன், "இப்போது பிடித்துக்கொள்ளுமோ" என்று நாள் முழுக்க இடுப்பையே காவல் காக்கிறீர்கள். அதுவும் கவனிப்புதான், பயத்தோடு கவனிப்பது. வலி கூடும் என்று நீங்கள் அஞ்சுவது அந்தக் கவனிப்பைப் பொறுத்தவரை சரியே. மகள் சொல்வது வேறு மாதிரியான கவனிப்பு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் பலருக்கு உடம்பில் ஆற வேண்டியது ஆறிவிடும், ஆனால் நரம்பும் மூளையும் உஷார் நிலையிலேயே இருந்துவிடும். ஒரு தடவை திருடன் வந்துபோன வீட்டில், பால்காரரைப் பார்த்தும் நாய் குரைக்குமே, அப்படி. "ஐயோ, இடுப்பு போச்சு" என்று நாம் பதறும்போதெல்லாம் ஆபத்து உண்மைதான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தசை இறுகுகிறது, வலி ஏறுகிறது.

டிஸ்க் பிதுக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. வலியில்லாத 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 சதவீதம் பேருக்குத் தேய்மானம். ஸ்கேன் காட்டுவதுதான் உங்கள் வலிக்கு முழுக் காரணம் என்று இதற்குப் பிறகும் நம்ப வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எத்தனை பேர் நடமாட்டத்தையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சரி, எப்படிக் கவனிப்பது? வலி மிதமாக இருக்கும் ஒரு நேரத்தில் தொடங்குங்கள். உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம். வசதியாகப் படுத்தோ உட்கார்ந்தோ இரண்டு நிமிடம் போதும். முதலில் பாதம் தரையில் பட்டிருப்பதை உணருங்கள். அப்புறம் மெல்ல இடுப்புக்கு வாருங்கள். "வலி" என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள். குடைகிறதா, இழுக்கிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, பாரமாக அழுத்துகிறதா, மதமதவென்று இருக்கிறதா? எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது? ஒரே அளவில் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா? இதைப் பார்க்கும்போது பல்லைக் கடிக்கிறீர்களா, மூச்சை அடக்குகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். அது தெரிந்த உடனேயே பெரும்பாலும் தாடை தளரும். கவனிப்பது தாங்கவில்லை என்றால் கவனத்தைப் பாதத்துக்கே கொண்டுபோய்விடுங்கள்.

"குறைந்துவிட்டதா?" என்று நடுவில் சோதிக்கும் ஆசை வரும். வந்தால் அது மறுபடி காவல் வேலை. இதில் குறைப்பது உங்கள் பொறுப்பு இல்லை, பார்ப்பது மட்டும்தான்.

இது புதுசாக முளைத்த யோசனையும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் இதற்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு வந்தவர்கள் அவரிடம் நிறையப் பேர். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 342 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதத்தில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 61 சதவீதம் பேருக்கு அன்றாட வேலைகள் குறிப்பிடத்தக்க அளவு எளிதாயின. வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் அது 44 சதவீதம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களுக்கு 58 சதவீதம், ஏறக்குறைய அதே பலன். 61-க்கும் 44-க்கும் உள்ள இடைவெளி அற்புதம் இல்லை, ஆனால் நாலு வருடம் தவித்தவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை. வலி அப்படியே மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் அதன் வேதனை குறையும், அளவு பிறகு குறையலாம்.

படுத்துக்கொண்டு மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். நீங்கள் பயப்படும் அசைவுகளுக்கும் இதே கவனத்தைக் கொண்டுபோக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலைத் தொடும் அளவு குனியுங்கள், எங்கே இழுக்கிறது என்று பாருங்கள், நிமிருங்கள். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம். டாக்டர் சொன்ன நடையும் உடற்பயிற்சியும் கூடவே நடக்கட்டும். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் இந்த அசைவுகளை அவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ கவனித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தால் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். கண்ணை மூடினால் படபடப்பு அதிகமாகிறது, பழைய துக்கங்கள் கிளம்புகின்றன என்றால் கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிட்டு ஒரு மனநல ஆலோசகரோடு சேர்ந்து முயலுங்கள்.

முதல் சில நாட்கள் மகளைப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள்.