மகள் தருக்கம் படிக்க ஆசைப்படுகிறாள்; வேலை கிடைக்குமா?

கணிதத் தருக்கத்தில், நிரூபணங்களையே ஆராயும் நிரூபணக் கோட்பாடுதான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், அதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரிலேயே வேலை என்றால் பல்கலைக்கழக ஆய்வுப் பணிகள்தான், அவையும் சொற்பம். ஆனால் அதே திறமைக்கு ‘ஃபார்மல் வெரிஃபிகேஷன்’ (சிப்போ நிரலோ சரியானது என்று கணித முறையில் நிறுவுவது) என்ற பெயரில் சிப் நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன.

1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டுப்போனதால் இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவானது. சோதனை ஓட்டங்களில் சிக்காத பிழை அது. சிப் உலகம் நிரூபணத்தின் பக்கம் திரும்ப அது பெரிய காரணம். மென்பொருளில் எஸ்இஎல்4 என்ற இயங்குதள மையக்கருவைப் பாருங்கள்: சுமார் 8,700 வரி சி நிரல் சரியானது என்று காட்ட, 2009-இல் ஏறத்தாழ 2 லட்சம் வரி நிரூபணம் தேவைப்பட்டது. அந்த வரிகளை எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

மகளுக்கு இது ஒத்துவருமா என்பதைச் சேரும் முன்பே சோதித்துவிடலாம். 1935-இல் ஜெர்மன் தருக்கவியலாளர் கெண்ட்சன் வெளியிட்ட ‘நேச்சுரல் டிடக்‌ஷன்’ முறையில் (எடுகோள்களிலிருந்து விதிப்படி படிப்படியாக முடிவுக்கு வருவது) ஒரு கணக்கு கொடுங்கள். ‘அ எனில் ஆ’ தரப்பட்டது; ‘ஆ இல்லை எனில் அ இல்லை’ என்று நிறுவ வேண்டும். ‘ஆ இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்குள்ளே ‘அ’ என்றும் எடுத்துக்கொள்கிறோம். தரப்பட்டதிலிருந்து ஆ வருகிறது, முரண். ஆகவே அ இல்லை. இங்கே உள் எடுகோள் ‘அ’ மூடப்படுகிறது, அதாவது இனி அதை நம்பி எதையும் எழுதக்கூடாது. அடுத்த வரியில் வெளி எடுகோளும் மூடப்பட்டு நிரூபணம் முடிகிறது. மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் எடுகோளை மூட மறப்பதில்தான். ‘எல்லா’, ‘சில’ போன்ற அளவையடைகளில் இது இன்னும் மோசம்: ‘எக்ஸ் இரட்டைப்படை’ என்ற எடுகோள் திறந்திருக்கும்போதே ‘எல்லா எண்ணும் இரட்டைப்படை’ என்று எழுதிவிடுவார்கள்.

பிறகு அதே கணக்கைத் தலைகீழாகக் கொடுங்கள்: ‘ஆ இல்லை எனில் அ இல்லை’ என்பதிலிருந்து ‘அ எனில் ஆ’. மேலே பயன்படுத்திய விதிகள் மட்டும் இதற்குப் போதாது. இரட்டை மறுப்பை நீக்கும் விதியும் (‘ஆ இல்லை என்பது இல்லை’ என்பதிலிருந்து ‘ஆ’) வேண்டும். ஏன் என்று அவளே துருவ ஆரம்பித்தால் தயங்காமல் சேருங்கள். எரிச்சல் மட்டுமே வந்தால் கணிதத்தில் வேறு பிரிவு பார்க்கலாம், அதில் குறையொன்றும் இல்லை.

அடுத்து லீன், நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள். இலவசம். அதைப் பழக்கும் ‘நேச்சுரல் நம்பர் கேம்’ பிரவுசரிலேயே ஓடும். கூட்டலின் பரிமாற்று விதியைத் தொகுத்தறிமுறையில் (0-க்கு நிறுவி, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு நகர்வது) நிறுவும்வரை போகட்டும். தானியங்கிக் கட்டளைகளை மட்டும் நம்பி முன்னேறுவது ஆபத்து: நிரூபணம் ஏற்கப்படும், ஏன் ஏற்கப்பட்டது என்று தெரியாது, பெரிய கணக்கில் அந்தக் கட்டளை தோற்றவுடன் கை நின்றுவிடும்.

பட்டப்படிப்பு கணிதமா கணினியியலா என்பது இரண்டாம்பட்சம். தனிநிலைக் கணிதமும், ஹாஸ்கெல் அல்லது ஓகாமல் போன்ற ஒரு நிரல்மொழியும் கட்டாயம். நிரூபணமும் நிரலும் ஒரே கட்டமைப்பு என்ற கரி-ஹவர்ட் தொடர்பு அங்கேதான் கைக்குப் பிடிபடும். சிப் பக்கம் போவதானால் டிஜிட்டல் டிசைனும், சிப் வடிவமைப்பை எழுதும் சிஸ்டம்வெரிலாக் மொழியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் போதும். மென்பொருள் நிரூபணக் குழுக்கள் சிறியவை, முனைவர் பட்டம் பெற்றவர்களோடு போட்டியிட வேண்டிவரும். தேற்றங்கள் தெரிந்தும் நிரல் எழுத வராதவர்கள் இரண்டிலுமே நேர்காணலில் நின்றுவிடுகிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தருக்கம் ஒரே ஒரு பருவத்தோடு முடிந்துவிட்டால், கணினியியல் துறையின் வகைக் கோட்பாடு (டைப் தியரி), மாடல் செக்கிங் (ஓர் அமைப்பின் நிலைகளைக் கணினியே சோதிப்பது) பாடங்களைத் துணைப்பாடமாக எடுக்க விடுவார்களா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.