மழைக்காட்டுக்குள் பெரிய கேமரா: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஆசிரியர். அண்மையில் 4×5 அங்குல ஃபிலிம் தாளில் படமெடுக்கும் பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கினேன். ஜூன் விடுமுறையில் அதை முதுகில் சுமந்து மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குள் சென்று, அங்குள்ள குனோங் தாஹான் மலையின் உச்சிவரை ஏறிப் படமெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. படித்த ஆலோசனைகளின்படி எடை குறைந்த 240, 300 மி.மீ. லென்ஸ்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நண்பர்களோ, இது குளிர்நாட்டுக்காரர்களின் கலை, நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஒத்துவராது, கைப்பேசியே போதும் என்கிறார்கள். சுமையை எப்படிக் குறைப்பது, எந்த லென்ஸை வாங்குவது என்று சொல்வீர்களா?

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மழைக்காட்டில் எடை இரண்டாவது சிக்கல்தான். முதல் சிக்கல் இருட்டு. பெரிய கேமராவுடன் மலையேறுவோர் எழுதிவைத்த ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க மேற்கின் வறண்ட, திறந்த மலைநாட்டில் பிறந்தது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் 12 கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்க ஏறிய காலத்திலிருந்தே அந்த மரபு வெட்டவெளியின் மரபு. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பார்வை பல கிலோமீட்டர் தூரம் ஓடும். ஆகவேதான் 300 மி.மீ. நிக்கோர்-எம், 240 மி.மீ. ஃபியூஜினான்-ஏ போன்ற எஃப்/9 லென்ஸ்களை (எஃப் எண் பெரிதானால் ஒளி நுழையும் துளை சிறிது) அவர்கள் போற்றுகிறார்கள். முன்னது 290 கிராம், பின்னது ஏறத்தாழ 245 கிராம். மிக நல்ல லென்ஸ்கள்தாம், ஆனால் வேறொரு நிலத்துக்கானவை.

நம் பக்கத்துக் காட்டில், மேலே விரிந்த இலைக்கூரையைத் தாண்டித் தரையை எட்டும் ஒளி நூற்றில் இரண்டு பங்கு இருந்தாலே அதிகம். கருந்துணிக்குள் தலையை நுழைத்து, கேமராவின் பின்புறத்தில் உருவம் விழும் தேய்த்த கண்ணாடியில் குவியம் பார்க்கும்போது, எஃப்/9 லென்ஸ் காட்டும் உருவத்தைவிட எஃப்/5.6 லென்ஸ் காட்டுவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சமாக இருக்கும். உருவம் தெரிவதா தெரியாமல் போவதா என்பதையே காட்டில் இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கும். மேலும், பின்னால் நகர்ந்து நிற்க இடமில்லாத அடர்த்தியில், குறுகிய பரப்பை மட்டும் காட்டும் 300 மி.மீ. லென்ஸுக்கு வேலையே வராது. ஒரே ஒரு 150 மி.மீ. எஃப்/5.6 லென்ஸை எடுத்துச் செல்லுங்கள். பழைய பொருள் விற்பவர்களிடம் எளிதாகக் கிடைப்பது, எடையும் அதிகமில்லை. இரண்டாவது லென்ஸ் வேண்டாம் என்றே சொல்வேன்.

லென்ஸைத் தாங்கும் பலகையைச் சாய்த்தும் உயர்த்தியும் திருப்பியும் பயன்படுத்தும் கேமராவின் அசைவுகளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. லென்ஸ் பலகையை முன்னோக்கிச் சாய்த்தால் குவியத் தளமும் (படத்தில் கூர்மையாகப் பதியும் தளம்) சாயும் என்ற விதியைத் தியோடோர் ஷைம்ப்ஃப்ளக் 1904ஆம் ஆண்டுக் காப்புரிமையில் விளக்கினார். காலடிப் பூவிலிருந்து தொலைவிலுள்ள மலைவரை கூர்மையாக எடுப்பதற்குச் சமவெளியில் அது பெருந்துணை. காட்டிலோ குவியத் தளத்தைத் தரையோடு படுக்க வைத்த மறுகணமே, அந்தத் தளத்திலிருந்து செங்குத்தாக எழும் அருகிலுள்ள மரங்களின் மேற்பகுதி மங்கிவிடும். எனவே சாய்வை மறந்துவிட்டுக் கேமராவை மட்டமாக நிறுத்துங்கள். மரத்தின் உயரம் வேண்டுமானால் கேமராவை அண்ணாந்து பார்க்கச் செய்யாமல் லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்துங்கள். அடிமரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரியாமல் நேராக நிற்கும். கூர்மையைத் துளையைச் சுருக்கித்தான் பெற வேண்டும். 150 மி.மீ. லென்ஸில் எஃப்/32 வைத்து ஏறத்தாழ 7 மீட்டர் தொலைவில் குவியம் வைத்தால், மூன்றரை மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாமே ஏற்கத்தக்க கூர்மையில் அமையும். ஆற்றங்கரையில் ஒரு பக்கமாக நீண்டு செல்லும் மரவரிசைக்குப் பக்கவாட்டுத் திருப்பம் உதவும். அதைத் தாண்டி அசைவுகளில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

துளையைச் சுருக்கினால் நேரம் நீளும். நொடிக்கணக்கில் ஒளி பெறும் ஃபிலிம் தன் உணர்திறனை இழக்கிறது. அதற்கு ஈடாக, ஒளியளவி காட்டும் நேரத்தைக் கூட்ட வேண்டும். எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு, அளந்த நொடிகளை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனம். அதன்படி 10 நொடி 20 நொடியாகும். 30 நொடியோ ஏறத்தாழ 86 நொடியாகிவிடும். அவ்வளவு நேரம் ஓர் இலைகூட அசையக்கூடாது. பொழுது விடிந்த முதல் ஒரு மணி நேரத்திலும், மழை ஓய்ந்து காற்று எழாத இடைவேளையிலும் மட்டுமே காடு அப்படி நிற்கிறது. மேகம் மூடிய நாளுக்காக மகிழுங்கள். வெயில் இலைக்கூரையைத் துளைத்துத் தரையில் வெள்ளைத் திட்டுகளைச் சிதறவிட்டால், அந்த ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியை எந்த ஃபிலிமும் தாங்குவது கடினம்.

இந்தக் காரணத்தால்தான் தாஹான் உச்சியை இம்முறை விட்டுவிடுங்கள் என்கிறேன். 2,187 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குக் பூங்காவின் நுழைவாயிலான கோலா தாஹானிலிருந்து சென்று திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உணவும் கூடாரமும் சேர்ந்த பையின் மேல், கேமரா, லென்ஸ், முக்காலி, ஒளியளவி, கருந்துணி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள்களைத் தாங்கும் பத்து ஃபிலிம் ஹோல்டர்கள் என்று ஏழு கிலோவாவது ஏறும். தினமும் விடியற்காலையில் கூடாரத்தைக் கலைத்து வழிகாட்டியின் பின்னால் விரைபவர், காடு அசையாமல் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தை நடந்தே இழந்துவிடுவார். ஆற்றோரத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து, மூன்று நாட்கள் அங்கேயே தங்கி, அரை மணி நேர நடைக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். பத்து ஹோல்டர்களில் இருபது தாள்கள். மூன்று நாட்களுக்கு அது தாராளம்.

தாள்கள் அனைத்தையும் வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள். காட்டில் இருட்டுப் பைக்குள் கையை விட்டால் சில நிமிடங்களில் வியர்வை விரல்நுனி வழியாக ஃபிலிமில் படிந்துவிடும். ஹோல்டர்களை இரண்டு இரண்டாகப் பிளாஸ்டிக் உறைகளிலிட்டு, சிலிக்கா ஜெல்லுடன் நீர்புகாப் பையில் அடுக்குங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஃபிலிம் பெட்டியை அறைவெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காதீர்கள். திரும்பி வந்தவுடன் கேமராவின் மடிப்புத் துருத்தியை விரித்துக் காயவிட்டு, லென்ஸை ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டியில் வையுங்கள். இவ்வூரில் பூஞ்சை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

உங்கள் நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1862இல் சிங்கப்பூரில் ஒளிப்பட நிலையம் தொடங்கிய ஸ்காட்லாந்து ஒளிப்படக் கலைஞர் ஜான் தாம்சன், 1866இல் கம்போடியக் காட்டுவழியே அங்கோர் சென்று படமெடுத்தார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். நம் வெக்கையில் அதுவே நடந்தது. கைப்பேசி தரமுடியாதது என்ன என்ற கேள்விக்கு என் பதில் இது: மழைக்காடு முழுவதும் சிறு இலைகளாலும் வேர்களாலும் கொடிகளாலும் ஆனது. 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பதினைந்து மடங்கு பரப்புள்ள இந்தத் தாளில்தான் அவை ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கின்றன. தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் காட்டில் மரம், கொடி என்ற பெயர்கள் உதிர்ந்து வடிவங்கள் மட்டும் எஞ்சும். அந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி அதுவே.

ஜூனுக்கு முன் வார நாட்களின் காலையில் நம் ஊர்க் காடுகளான மெக்ரிட்சிக்கும் புக்கிட் தீமாவுக்கும் சென்று பழகுங்கள். அங்கே இரவில் தங்க அனுமதியில்லை. பாதையை விட்டு இறங்காமல், நடப்பவர்களுக்கு வழிவிட்டு முக்காலியை நிறுத்துங்கள். அந்தத் தாள்களை நீங்களே கழுவுங்கள். எச்பி5 ஃபிலிமுக்கு தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்த ஐடி-11 என்ற உருத்துலக்கும் கரைசலில் 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது கணக்கு. நம் குழாய்நீர் 28 டிகிரிக்குக் குறைவதே அரிது, அந்த வெப்பத்தில் நேரம் மிகச் சுருங்கித் தாள் சீராகக் கழுவப்படாது. தட்டுகளைப் பனிக்கட்டி இட்ட நீரில் அமர்த்தி, எல்லாக் கரைசல்களையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவந்த பின் தொடங்குங்கள். மலேசியாவுக்குள் நுழையும் வழியிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பைகள் ஊடுகதிர்க் கருவிக்குள் செல்லும். ஏற்றிய ஹோல்டர்களைத் தனிப் பையில் வைத்து, கையால் சோதிக்க முடியுமா என்று அதிகாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஹோல்டரின் மூடியை இழுத்துப் பார்க்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.