காரமே இல்லாத ஜிம்மி நார்டெல்லோ மிளகாயை நம் சமையலில் என்னதான் செய்வது?

சாம்பாரில் போட்டீர்கள், சப்பென்று போய்விட்டது என்கிறீர்கள். போகத்தான் செய்யும். குடைமிளகாய் மாதிரி தடித்த சதை இதற்குக் கிடையாது. மெல்லிய தோல், குழம்பில் வெந்தால் ஒன்றும் மிஞ்சாது. முழுசாக எண்ணெயில் போட்டு, தோல் கொப்பளித்துச் சுருங்கும்வரை வதக்கி, உப்பும் பூண்டும் சேருங்கள். அல்லது நெத்திலிப் பொரியலில் கடைசியாகப் போடுங்கள். அப்போதுதான் இனிப்பு வெளியே வரும்.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு வேலை. நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பழைய சோறும் மோர் மிளகாயும்தான் அவருக்குச் சாப்பாடு. வயிற்றில் புண், காரத்தைத் தொடாதே என்று டாக்டர் சொன்னதும் தட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். நான் இந்த மிளகாயைக் காம்போடு கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் வைத்து, சாயங்காலம் மறுபடி அதே தயிரில் போட்டு, தயிர் வற்றும்வரை காயவைத்தேன். இங்கே மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. தட்டு கார் கூரைமேல்தான், தூறல் விழுந்தால் உள்ளே ஓட்டம். பொரிக்கும்போது கவனம்: சர்க்கரை இருப்பதால் கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். இப்போது அப்பா போனில் சித்தப்பாவிடம், “எனக்கு மிளகாயெல்லாம் ஒன்றும் செய்யாதுடா” என்கிறார். இனிப்பு மிளகாய் என்பதை மட்டும் சொல்வதில்லை.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன், அறிவுரை சொல்ல யாரும் வர வேண்டாம். ‘காரமில்லாமல் மோர் மிளகாயா’ என்பவர்களுக்கும் ஒன்று. இந்த விதை இத்தாலியின் பசிலிகாத்தாவிலிருந்து 1887-இல் நார்டெல்லோ குடும்பத்தோடு அமெரிக்கா போனது. அதே பசிலிகாத்தாவில் செனீசே என்ற ஊரில் இனிப்பு மிளகாயை நூலில் கோத்துக் காயவைத்து, மொறுமொறுவென்று பொரித்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

செடி வளர்ப்பதுதான் பாடு. முன்பு இருந்த லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கொல்லைப்புறம் இருந்தது. தோட்டத்தை விற்று எங்களை அடுக்குமாடியில் ஏற்றிவிட்டார்கள். நடைபாதையில் நாலு பெயிண்ட் டின் வைத்தால் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், அதே நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கலாமாம்! சரி, அதை விடுங்கள்.

மத்தியான வெயில் படாத இடத்தில் வையுங்கள், சூடு அதிகமானால் பூ கொட்டும். பக்கத்தில் காரமிளகாய்ச் செடி இருந்தால், விதைக்கு விடும் பூவை விரியும் முன்பே மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். மகரந்தம் கலந்தால் இந்தக் காய் மாறாது, ஆனால் அதன் விதையில் முளைக்கும் செடி காரமாகக் காய்க்கும். அதைத் தெரியாமல் அப்பா தட்டில் வைத்தால் என் கதை முடிந்தது.